ஒற்றை ரிங்

போன வாரம் மகள் சுவாதி பெங்களூரிலிருந்து ஒரு டேப்லெட்டோடு வந்து இறங்கினாள். "பருத்திக்கொட்டை விக்கிறவனுக்கு எதுக்குத்தா இந்தச் சிலேட்டு?" என்று வெள்ளத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய முகம் மறுநாளே திரும்பிவந்து, மதுரையில் புண்ணாக்கு என்ன விலை என்று அதில் பார்க்க ஆரம்பித்துவிட்டது. மனுஷன் அப்படித்தான். கோபம் வாசல் வரைக்கும் போகும், செருப்பைப் போடாமலே திரும்பிவிடும்.

ஒரே ஒரு கோபம்தான் வாசல் தாண்டிப் போனது. பதினோரு வருஷம் ஆகிறது.

கதைக்குள் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்துரையின் பெண்சாதி செல்லக்கிளி. அவளுடைய தம்பி ஜெயக்குமார். பாளையம்பட்டி ரோட்டில் அத்தான் வைத்திருக்கும் மாட்டுத்தீவனக் கடைக்கு லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் பருத்திக்கொட்டை மூட்டைகளைக் கடை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு, மேலே தார்ப்பாய்கூட மூடாமல், மதுரைக்குப் படம் பார்க்கப் போய்விட்டான். நாம் கையெடுத்துக் கும்பிட்டாலும் எட்டிப் பார்க்காத மழை, அன்றைக்குப் பார்த்து விடிய விடியக் கொட்டியது. லோடு மொத்தமும் பாழ். வெள்ளத்துரை, யாவாரத்துக்கு வந்தவர்கள் முன்னால் மைத்துனனைக் கைநீட்டி அடித்துவிட்டார். அவன் ஆட்டோ சாவியைக் கல்லா மேல் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த மாசி, சிவராத்திரி அன்றைக்கு, கடையின் பழைய நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் வந்தது. ஒரே ஒரு ரிங். அத்தோடு நின்றுவிட்டது. செல்லக்கிளியின் அம்மா பொன்னுத்தாய் மகளோடுதான் இருந்தாள். அந்த நம்பர் கிடந்த, அவள் புழங்கிய பட்டன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஏம் புள்ளதான். நல்லாருக்கான்" என்றாள். திருப்பிக் கூப்பிட்டால் யாரோ கடைக்காரன் தெரியாத பாஷையில் பேசினான். அதன்பின் ஒவ்வொரு சிவராத்திரிக்கும், வெவ்வேறு நம்பரிலிருந்து, ஒரே ஒரு ரிங். தாயும் மகளும் மூச்சு விடவில்லை. வெள்ளத்துரைக்குத் தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும் என்று பயம்.

பொன்னுத்தாய் போய்ச் சேர்ந்து தலைத்திவசமும் முடிந்துவிட்டது. மகன் இல்லாத குறைக்கு மருமகனே கொள்ளி வைத்தார். ஜெயக்குமாருக்கு இது தெரியாது. போன மாசியில் அந்த ரிங் வந்தபோது செல்லக்கிளி மாவுக் கையோடு ஓடினாள். எடுப்பதற்குள் நின்றுவிட்டது. இந்த வருஷம் எப்படியாவது எடுத்துவிட வேண்டும். அது ஒரு நொடிதான் அடிக்கும். அந்த நொடிக்குள் எடுத்து, அம்மா இல்லை என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் செத்துப்போன தாய்க்கு அவன் காலம்பூராவும் ரிங் விட்டுக்கொண்டே இருப்பான்.

இன்றைக்குச் சிவராத்திரி.

செல்லக்கிளி தலைக்குக் குளித்துவிட்டு வந்து, சாமி அலமாரியிலிருந்து பட்டன் போனை எடுத்தாள். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. தட்டினாள். அணைத்துப் போட்டாள். பேட்டரியைக் கழற்றி ஊதி மாட்டினாள். போன் செத்த மாதிரி கிடந்தது.

"அம்மா, அதுல இனிமே ஒண்ணும் வராது. நம்பர டேப்லெட்டுக்கு மாத்திட்டேன்" என்றாள் சுவாதி, பல் துலக்கிக்கொண்டே.

"மாத்திட்டியா? சிம்மு இந்தா உள்ளதான இருக்கு?"

"அது இனி வெறும் பிளாஸ்டிக்கு. இது ஈசிம். தனியா கார்டுன்னு ஒண்ணு கெடையாதும்மா, டேப்லெட்டுக்குள்ளயே இருக்கும்." சுவாதி வாயைக் கொப்பளித்துவிட்டுச் சந்தோஷமாக வந்து உட்கார்ந்தாள். "நேத்து நீ பூசைச் சாமான் வாங்கப் போனேல்ல, அப்ப பண்ணேன். கம்பெனிக்கு மெசேஜ் அனுப்புனா மெயில்ல ஒரு க்யூஆர் கோடு வரும். அத என் போன்ல விரிச்சு வச்சு, டேப்லெட்டக் காட்டுனேன். நம்பர் உள்ள போயி ஒக்காந்துக்கிருச்சு. தொலையாது, ஒடையாது. சும்மாக் கெடந்த நம்பர்தான, மாசாமாசம் தண்டமா ரீசார்ஜ் பண்ற. கடைக்கு நெட்டாச்சும் ஆகும்ல. மாத்துறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்பும் அதே நம்பர்ல போட்டுட்டேன். அம்மாச்சி நம்பர்தானன்னு அம்மாச்சி போட்டோவ வச்சிருக்கேன் பாரு."

திரையில் பொன்னுத்தாய், பாம்படக் காதோடு, கொஞ்சம் கோபமாக, கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் வந்தா இதுல அடிக்குமா?" என்றாள் செல்லக்கிளி.

"அடிக்கும்."

படித்த பிள்ளை யோசித்துத்தான் சொல்லியிருக்கும் என்று நீங்களும் நானும் நினைப்போம். யோசிக்காமல்தான் சொன்னாள்.

"எங்க, நீ ஒன் போன்லருந்து போடு பாப்போம்."

சுவாதி போட்டாள். தாங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் ரொம்ப மரியாதையாகச் சொன்னது. இன்னொரு தடவை போட்டாள். மறுபடியும் அதே மரியாதை. டேப்லெட் அவர்கள் மடியில் ஊமையாகக் கிடந்தது. சுவாதி அதன் செட்டிங்ஸுக்குள் போய் எதையெதையோ நோண்டினாள். முகம் சுருங்கிவிட்டது.

"இந்த மாடல்ல நெட்டு மட்டும்தான்மா வரும். போன் கால் வராது. நான் அதக் கவனிக்கல."

"அடிப்பாவி மகளே!"

செல்லக்கிளி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை முதலில் வந்தது, பேச்சு பின்னால் வந்தது. பத்து வருஷத்து ரகசியத்தை ஈரத் தலையோடு மகளிடம் கொட்டினாள். கேட்கக் கேட்கச் சுவாதிக்கும் கண் நிறைந்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா ஒங்கப்பாகிட்டப் போயி ஒப்பிச்சிருவ. சின்னப்புள்ளைல எத்தன ஒப்பிச்ச? சரி அத விடு. இப்ப இந்தச் சிம்முலயே பழையபடி போட முடியாதா?"

"அது முடியாதும்மா. டவுனுல ஷோரூமுக்குப் போயி புது சிம் வாங்கணும். நம்பர் ஆரு பேர்ல இருக்கு?"

"ஏம் பேர்லதான்."

"அப்பக் கெளம்பு. எப்ப வரும் அந்த ரிங்கு?"

"நேரங்காலம் கெடையாது. பொழுது சாயிறதுக்குள்ள வந்துரும்."

கடை வீட்டுக்கு முன்பக்கம். வெள்ளத்துரை தவிட்டு மூட்டையை நிறுத்துக்கொண்டிருந்தார். சுவாதி டேப்லெட்டை மேசைமேல் வைத்து, "அப்பா, இத அணைச்சுறாதீங்க, சார்ஜுல கெடக்கட்டும்" என்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா ஆத்தாளும் மகளும் எங்க கெளம்பிட்டீக? மத்தியானம் நரிக்குடிக் கொலசாமி கோயிலுக்குப் போக வேன் வருதுல்ல?"

"பூ வாங்க" என்றாள் செல்லக்கிளி.

"பூதான் குடத்துல கெடக்கே."

"அது சாமிக்கு. இது எங்களுக்கு."

வெள்ளத்துரை இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

சுவாதி ஸ்கூட்டியை விரட்டினாள். செல்லக்கிளி பின்னால் உட்கார்ந்து பட்டன் போனை முந்தானையில் முடிந்துவைத்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் பொட்டல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இதே ரோட்டில்தான் தம்பி லோடு ஏற்றிக்கொண்டு திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் போய்வருவான்.

அப்போதெல்லாம் பேசினால் காசு. அதனால் அந்த வீடே மிஸ்டு காலில்தான் குடும்பம் நடத்தியது. தம்பி போன இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவான். பத்திரமாக வந்துவிட்டேன் என்று அர்த்தம். திரும்பி வரும்போது காந்தி நகர் தாண்டியதும் இரண்டு ரிங். சோற்றைப் போட்டு வை என்று அர்த்தம். இரண்டு ரிங் கேட்டதும் அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். சோறு எவ்வளவு இருந்தாலும் அவனுக்குக் கூட இரண்டு தோசை வேண்டும். தோசை வெந்து திருப்பிப் போடவும் வாசலில் ஆட்டோ சத்தம் கேட்கவும் சரியாக இருக்கும். வெள்ளத்துரைகூடச் சாப்பிடாமல் காத்திருப்பார். "மாப்ள வரட்டும், சேந்து ஒக்காருவோம்" என்பார். இருவரும் ஒரு தட்டில் சட்னியை வைத்துக்கொண்டு எதற்கென்றே தெரியாமல் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் செல்லக்கிளிக்கு இன்றைக்கும் வயிறு நிறைந்துவிடும். என்ன வசதி இருந்தது அப்போது? ஒன்றுமில்லை. ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

போனவனும் அந்த ஒற்றை ரிங்கைத்தான் வருஷாவருஷம் விடுகிறான். பத்திரமாக இருக்கிறேன். அவ்வளவுதான். சோற்றைப் போட்டு வை என்று ஒரு வருஷமும் சொல்லவில்லையே என்றுதான் பொன்னுத்தாய் சாகிறவரைக்கும் அழுதாள்.

டவுனில் கூட்டம். ஷோரூமில் அதற்கு மேல் கூட்டம். முறை வந்ததும் தீபலட்சுமி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"எதுக்கு ஆன்ட்டி திருப்பி மாத்துறீங்க? எல்லாரும் ஈசிம்முக்குத்தான் போறாங்க. அதுதான் நல்லது."

"நல்லதுதான் தாயி. நான் நல்லதில்லன்னு சொல்லல. ஆனா அது அடிக்க மாட்டேங்குதே."

பெருவிரலை வைக்கச் சொன்னாள். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. செல்லக்கிளி சேலையில் துடைத்துவிட்டு வைத்தாள். ஒத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற ஆள் உச்சுக்கொட்டினான். செல்லக்கிளி திரும்பி, "ஏன்யா, ஒனக்கு மட்டும்தான் சிவராத்திரியா?" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்த வேகத்திலேயே விரலை அழுத்தினாள். மெஷின் பயந்து ஒத்துக்கொண்டது.

தீபலட்சுமி புதுச் சிம்மைப் பட்டன் போனில் போட்டுக் கொடுத்தாள். "உடனே வராது ஆன்ட்டி. கொஞ்ச நேரம் ஆகும். இதுக்கு உசுரு வந்ததும் டேப்லெட்டுல இருக்கறது நின்னுரும். ஒரே நம்பர் ரெண்டு எடத்துல இருக்காது. மெசேஜ் ஒரு நாளைக்கு வராது. ஆனா போன் வரும்."

"போன் வந்தாப் போதும். மவராசியா இரு."

திரும்பி வரும் வழியெல்லாம் செல்லக்கிளி போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோடு வரவில்லை. பாளையம்பட்டி வந்தது. இன்னும் வரவில்லை. கருப்பா, உனக்குச் சேவல் அறுக்கிறேன், அதற்குள் அவன் ரிங் விட்டிருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். கடை கிட்டத்தில் வந்தபோது போன் கையில் ஒரு துள்ளு துள்ளியது. முழுக் கோடும் வந்து நின்றது.

"வந்துருச்சுடி!"

கடை வாசலில் யாவாரத்துக்கு வந்தவர்கள் யாருமில்லை. வெள்ளத்துரை பருத்திக்கொட்டை மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். டேப்லெட்டை இரண்டு கையாலும், நிறைகுடத்தைப் பிடிப்பது மாதிரி, முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"போயிட்டான்டி" என்றார்.

"ஆரு?"

"ஒந்தம்பி."

சுவாதி செல்லக்கிளியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பக் கொஞ்சம் முன்னாடி இது பாட்டுக்குக் கத்துச்சு. பச்சையத் தள்ளுனேன். அவன் மூஞ்சி வந்து நிக்குது. தலையெல்லாம் நரைச்சுப்போச்சுடி. வாட்ஸ்அப்புல அத்த படத்தப் பாத்துருக்கான். அம்மாதான் வந்துருக்குன்னு நெனச்சு கூப்புட்டானாம். என்னையப் பாத்ததும் பேச்சு நின்னுபோச்சு. எனக்கும் வரல. நான் அவனப் பாக்குறேன், அவன் என்னையப் பாக்குறான். கீழ வச்சாக் கட்டாயிருமோன்னு இப்படியே பிடிச்சிக்கிட்டு இருந்தேன். வந்தவுகளயெல்லாம் போகச் சொல்லிட்டேன். அப்புறமா, 'அத்தான், நல்லாருக்கீகளா'ன்னான்." வெள்ளத்துரை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "பருத்திக்கொட்ட போனா இன்னொரு லோடு இறக்கிக்கலாம்டா மாப்ள, நீ வந்துருன்னு சொல்ல வாயத் தொறந்தேன். படக்குன்னு நின்னுருச்சு. நான் எதையும் தொடலடி. சத்தியமாத் தொடல. நான்தான் கட் பண்ணிட்டேன்னு நெனப்பானே. மறுபடியும் நான் வெரட்டிட்டேன்னு நெனப்பானே!"

செல்லக்கிளி கையிலிருந்த போனைப் பார்த்தாள். முழுக் கோடு. இதற்கு உயிர் வந்தால் அது நின்றுவிடும் என்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"நீங்க இல்ல. நான்தான் கட் பண்ணிட்டேன்" என்றாள். பிறகு திடுக்கிட்டு, "அம்மாவக் கேட்டானா?" என்றாள்.

"கேட்டான்."

"சொன்னீகளா?"

"வாயில வரலடி. கோயிலுக்குப் போயிருக்காக, இப்ப வந்துருவாகன்னு சொல்லிட்டேன்."

செல்லக்கிளி தலையில் கை வைத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா நெனச்ச?" என்றார் வெள்ளத்துரை, குரல் உடைந்து. "வருஷாவருஷம் இன்னிக்கு மட்டும் அந்தப் போனக் குளிக்கப் போறப்பகூடத் தூக்கிக்கிட்டு அலையிறீக. நான் என்ன கூமுட்டையா? நீங்களா சொல்லுவீகன்னு இருந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் கேக்குறது?"

"அப்பா, குடுங்க, என் போன்லருந்து நெட்டு தாரேன். நாமளே திருப்பிக் கூப்புடுவோம்" என்று சுவாதி டேப்லெட்டை வாங்கினாள்.

அப்போது பட்டன் போன் அடித்தது.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். ஒரு ரிங் முடிந்தது. நிற்கவில்லை. மறுபடியும் அடித்தது. மறுபடியும். செல்லக்கிளிக்கு எந்தப் பட்டன் என்றே தெரியவில்லை. சுவாதி அவள் விரலைப் பிடித்து அழுத்தினாள்.

"யக்கா?"

அந்த ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை காலம்.

"அத்தான் வச்சுட்டாகளாக்கா? இன்னும் கோவமா?"

"இல்லய்யா. அவுக மூட்ட மேல ஒக்காந்து அழுதுக்கிட்டு இருக்காக. லைனு கட்டானது என்னாலதான். அத அப்புறம் சொல்றேன். நீ நல்லாருக்கியாய்யா?"

"இருக்கேன்க்கா. அம்மா கோயில்லருந்து வந்துருச்சா? அதுகிட்டக் குடு. மொதல்ல அதுகிட்டத்தான் பேசணும்னு இருக்கேன்."

வெள்ளத்துரை கையை நீட்டினார். குடு, நான் சொல்கிறேன் என்று ஜாடை காட்டினார். செல்லக்கிளி வேண்டாம் என்று தலையசைத்தாள். ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"ஜெயா, நீ நின்னுக்கிட்டா இருக்க? ஒக்காருய்யா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கூட ஆரு இருக்கா?" என்றாள் செல்லக்கிளி.

இப்படி ஒருத்தர் கேட்டால் அடுத்து என்ன வரும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். அவன் குரல் வந்தது. அது சின்னவயசு ஜெயக்குமாரின் குரலாக இருந்தது.

"எப்பக்கா?"

"போன ஐப்பசியோட வருஷம் திரும்பிருச்சுய்யா. நோவு நொடின்னு கெடக்கல. காலைல காப்பி குடிச்சிட்டுப் படுத்தவதான். ஒன்னைய எங்க தேடுறதுன்னு தெரியலய்யா. ஒரு நம்பரும் நீ விட்டு வைக்கலையே!"

அவன் அழுதது ரோடு வரைக்கும் கேட்டது. செல்லக்கிளி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அவன் அழுது ஓய்கிறவரைக்கும், "அழுதுருய்யா, அழுதுரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளும் அழுதாள். அம்மா செத்த அன்றைக்கு உடன்பிறந்தவன் இல்லாமல் தனியாக அழுத அழுகை, இன்றைக்குத்தான் அவளுக்குத் தீர்ந்தது.

வெள்ளத்துரைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போனை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார்.

"ஏலே மாப்ள. நான்தான். அன்னைக்கு நான் கைநீட்டுனது தப்புடா. ஊரறிய அடிச்சேன், ஊரறியச் சொல்றேன், தப்பு. கெளம்பி வா. இன்னைக்கே பஸ் ஏறு. நீ வராம நாங்க கோயிலுக்குப் போகல, வேன திருப்பி அனுப்பிட்டேன்னு வச்சுக்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பின்னால் ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் குரல், தெரியாத பாஷையில், மெல்ல ஏதோ கேட்டது. அவன் போனைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னான்.

"அத்தான்."

"சொல்லுடா."

"கூட ஆரு இருக்கான்னு அக்கா கேட்டுச்சுல்ல?"

"ஆமா."

"இருக்காக அத்தான். நான் தனியா வர முடியாது. அவுகளையும் கூட்டிக்கிட்டு வந்தா, நீங்க கதவத் தொறப்பீகளா?"

வெள்ளத்துரை போனைக் காதில் வைத்தபடியே செல்லக்கிளியைத் திரும்பிப் பார்த்தார்.